பதினெட்டு வயது, மூன்று கதவுகள்: ஜப்பானிய மிட்ஃபீல்டருக்கு எந்தப் பாதை?

2022 டிசம்பர் 1. கத்தாரின் கலீஃபா மைதானம். ஸ்பெயினுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் 51-வது நிமிடம். வலப்பக்கத்திலிருந்து ரிட்சு டோவான் தட்டிவிட்ட பந்து கோல்முகத்தைக் கடந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடுகிறது. போய்விட்டது என்று ஸ்பெயின் தடுப்பாட்டக்காரர்கள் விட்டுவிட்டார்கள். கவோரு மிட்டோமா விடவில்லை. சறுக்கிக்கொண்டே காலை நீட்டி அதை உள்ளே திருப்பினார். பாய்ந்து வந்த ஆவோ தனாகா பந்தை உடம்பாலேயே வலைக்குள் தள்ளினார். பந்தின் விளிம்பு கோட்டின் மேல் மில்லிமீட்டர் கணக்கில் இருந்தது என்று காணொளி நடுவர் பார்த்துச் சொன்னார். கோல். ஜப்பான் 2, ஸ்பெயின் 1.

மிட்டோமாவும் தனாகாவும் கவாசாகி நகரில் ஒரே தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள். அங்கிருந்து இருவரும் கவாசாகி ஃப்ரோன்டாலே கிளப்பின் அகாடமிக்கு, அதாவது இளையோர் பயிற்சிப் பிரிவுக்கு, போனார்கள். பள்ளி முடியும் நேரத்தில் பாதை பிரிந்தது. மிட்டோமாவை முதல் அணிக்கு வரச்சொல்லி கிளப் கூப்பிட்டது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு வயது இளையவரான தனாகா அதே கிளப்பின் முதல் அணியில் நேராகச் சேர்ந்தார். கடைசியில் இருவரும் ஒரே கோல்முகத்தில் வந்து நின்றார்கள்.

ஜப்பானியக் கால்பந்தைப் பின்தொடரும் நண்பர்களிடையே இது ஓயாத வழக்கு. மிட்டோமா நான்கு வருடத்தை வீணடித்தார் என்று ஒரு கட்சி, அந்த நான்கு வருடம்தான் அவரை உருவாக்கியது என்று இன்னொரு கட்சி. "இரண்டுமே வேஸ்ட், பதினெட்டில் நேரே ஐரோப்பா போகவேண்டியதுதானே" என்று மூன்றாவது கட்சியும் உண்டு. ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமான ஒரு பெயரைச் சொல்லி வாதத்தை முடித்துவிடுவார்கள். ஒரு பெயரை வைத்துப் பாதையை எடை போட முடியாது என்பதால், அளவுகோலை முதலில் வைத்துக்கொண்டு மூன்றையும் பார்க்கலாம்.

## முதலில் அளவுகோல்

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது நிமிடங்கள். களத்தில் இறங்கி ஆடிய நிமிடங்கள், அதுவும் தோற்றால் யாராவது கோபப்படும் ஆட்டங்களில். மற்ற இடங்களுக்கும் இது பொருந்தும், ஆனால் மிட்ஃபீல்டருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். முன்கள ஆட்டக்காரர் கடைசி பத்து நிமிடம் இறங்கி ஒரு கோல் அடித்துப் பெயர் வாங்கிவிடலாம். நடுக்களத்தில் நிற்பவர் எப்போது திரும்ப வேண்டும், எப்போது பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு மூச்சு வாங்க வேண்டும் என்பதை வாரம் தவறாமல் ஆடித்தான் கற்கிறார். ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்து லீகான ஜே-லீக் இதை ஒப்பந்த விதியிலேயே எழுதி வைத்திருந்தது. புதிதாக வருபவர் 'சி' என்ற தொடக்க ஒப்பந்தத்தில் சேர்வார். முதல் டிவிஷனில் 450 நிமிடம், இரண்டாவதில் 900, மூன்றாவதில் 1,350 ஆடிய பிறகுதான் 'ஏ' என்ற உயர்நிலை ஒப்பந்தம். ஐந்து முழு ஆட்டம்தானே என்று தோன்றும். பெரிய கிளப்பில் சேர்ந்த பையனுக்கு அந்த ஐந்து ஆட்டம் கிடைக்க இரண்டு வருடமும் ஆகலாம்.

அடுத்தது உடம்பு. பதினெட்டில் முழுசாக வளர்ந்துவிட்டவனும் இருபதில்தான் தோள் விரிகிறவனும் ஒரே முடிவை எடுக்கக் கூடாது.

பணம் மூன்றாவது. 'சி' ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 46 லட்சம் யென் என்று உச்சவரம்பு இருந்தது. 2026-ல் ஏ, பி, சி பிரிவையே எடுத்துவிட்டார்கள். இப்போது முதல் ஒப்பந்தத்தின் உச்சவரம்பு 1 கோடி 20 லட்சம் யென். முதல் டிவிஷனில் குறைந்தபட்சம் 48 லட்சம். கணக்கு மாறிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள், கீழே வரும்.

கடைசி இரண்டையும் யாரும் பேசுவதில்லை. ஒன்று காகிதம்: விசா, வேலை அனுமதி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கான இட ஒதுக்கீடு. மற்றது திரும்பி வரும் வழி: சரிப்பட்டு வரவில்லை என்றால் எந்த வயதில், எந்த நிலையில் வந்து நிற்போம்?

## கதவு 1: பள்ளி முடித்ததும் ஜே-லீக்

பெரும்பாலானவர்கள் நுழையும் கதவு இது. நன்றாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஷின்ஜி ககாவா. உயர்நிலைப் பள்ளி முடிக்கும் முன்பே 2006-ல் செரெசோ ஒசாகா அவரை ஒப்பந்தம் செய்தது. அடுத்த மூன்று சீசனும் செரெசோ இரண்டாம் டிவிஷனில் இருந்தது. ககாவாவுக்கு அதுவே அதிர்ஷ்டம். வாரா வாரம் ஆடினார், 2009-ல் 27 கோல் அடித்து அந்த டிவிஷனின் முதல் கோல் வேட்டைக்காரர் ஆனார். 2010-ல் டோர்ட்மண்ட் அவருக்காக செரெசோவுக்குக் கொடுத்தது மூன்றரை லட்சம் யூரோ. ஐரோப்பாவில் ஒரு நல்ல அப்பார்ட்மென்ட் விலை. அதற்குப் பிறகு இரண்டு சீசனும் டோர்ட்மண்ட் ஜெர்மன் சாம்பியன்.

வதாரு எண்டோவும் இதே கதவில்தான் நுழைந்தார். ஷோனான் பெல்மாரே என்ற சின்ன கிளப். பள்ளி மாணவனாக இருக்கும்போதே 2010-ல் முதல் அணியில் ஆடிவிட்டார். கிளப் மேலே ஏறியது, கீழே விழுந்தது, மறுபடி ஏறியது. எப்படி இருந்தாலும் எண்டோ களத்தில் இருந்தார். பெரிய கிளப்பில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதைவிடச் சின்ன கிளப்பில் தினமும் சண்டை போடுவது மேல் என்பதை அவரது வாழ்க்கையைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

இப்போது மறைந்திருக்கும் செலவு. ஜே-லீகில் பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. இளையோர் அணி வயது முடிந்துவிடும், முதல் அணியில் இடம் இருக்காது, இரண்டாம் அணிகளுக்கென்று ஒழுங்கான லீகும் இல்லை. காம்பா ஒசாகா, செரெசோ ஒசாகா, எஃப்சி டோக்கியோ ஆகிய மூன்று கிளப்புகள் 2016 முதல் 23 வயதுக்குட்பட்டோர் அணியை மூன்றாம் டிவிஷனில் இறக்கிப் பார்த்தன. 2020-ஓடு அதுவும் நின்றது. அகாடமியின் செல்லப்பிள்ளையாக வந்த தனாகாவே முதல் லீக் ஆட்டத்துக்காக 2018 செப்டம்பர் வரை காத்திருந்தார். அன்று சப்போரோவை 7-0 என்று கவாசாகி நொறுக்கியது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய தனாகா அதில் ஒரு கோல் அடித்தார். ஒன்றரை வருடக் காத்திருப்பு அப்படி முடிந்தது. அடுத்த வருடமே லீகின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது. ஆனால் தனாகாவோடு அந்தப் பள்ளத்தில் நின்ற எல்லோருக்கும் 7-0 ஆட்டம் வருவதில்லை. மூன்று வருடம் கழித்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல், பட்டமும் இல்லாமல், இருபத்தொரு வயதில் வெளியே வருபவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அதனாலேயே விவாதத்தில் அவர்கள் வருவதும் இல்லை.

இந்தக் கதவு யாருக்கு? உடம்பு தயாராக இருப்பவருக்கு, கூடவே இளைஞர்களை இறக்கத் தயங்காத பயிற்சியாளர் உள்ள கிளப் கூப்பிட்டால். அது இரண்டாம் டிவிஷன் கிளப்பாக இருந்தால் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

## கதவு 2: நான்கு வருடம் பல்கலைக்கழகம்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை. ஐரோப்பாவில் பதினெட்டு வயதில் பல்கலைக்கழக அணிக்குப் போனால் தொழில்முறை வாழ்க்கை முடிந்தது என்று அர்த்தம். ஜப்பானில் பல்கலைக்கழகக் கால்பந்து உண்மையிலேயே ஒரு வளர்ப்புப் பண்ணை. கெங்கோ நகமுரா சுவோ பல்கலைக்கழகத்திலிருந்து 2003-ல், அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்த கவாசாகிக்கு வந்தார். கடைசிவரை அதே கிளப், 2016-ல் 36 வயதில் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது. ஹிடேமாசா மொரிட்டா ர்யூட்சு கெய்சாய் பல்கலைக்கழகம், ரியோ ஹதாத்தே ஜுன்டெண்டோ பல்கலைக்கழகம். இருவரும் கவாசாகி வழியாக முறையே போர்ச்சுகலுக்கும் ஸ்காட்லாந்துக்கும் போனார்கள்.

மிட்டோமா விஷயத்துக்கு வருவோம். முதல் அணியில் ஆடும் அளவுக்குத் தன் உடம்பு தயாராகவில்லை என்பது அவருடைய கணிப்பு. பதினெட்டு வயதுப் பையன், தான் வளர்ந்த கிளப் நீட்டும் ஒப்பந்தத்தைப் பார்த்து "எனக்கு இன்னும் ஆகவில்லை" என்று சொல்வதற்கு என்ன மனத்தெளிவு வேண்டும்! சுகுபாவில் விளையாட்டு அறிவியல் படித்தார். பட்டப்படிப்பு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒருவருக்கு ஒருவர் நிற்கும்போது பந்தைக் கடத்திப் போவது பற்றி. அணித் தோழர்களின் தலையில் சின்னக் கேமராவைக் கட்டி, பந்து வரும்போது யார் எங்கே பார்க்கிறார்கள் என்று பதிவு செய்தார். திறமையானவர்கள் பந்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை, கண் முன்னால் இருக்கிறது என்று தெரிந்தது. எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் கிளம்பும் அவரது பாணியை, பின்னாளில் அவர் ஆடிய இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்பில் பார்த்தவர்களுக்கு, அந்த ஆய்வு வெறும் மதிப்பெண்ணுக்காக எழுதியது இல்லை என்று புரியும்.

ஆட்டமும் குறையவில்லை. தொழில்முறை அல்லாத அணிகளும் ஆடும் பேரரசர் கோப்பையில், 2017-ல், சுகுபா மாணவர்கள் முதல் டிவிஷன் கிளப்பான வெகால்டா செண்டாயை 3-2 என்று வீழ்த்தினார்கள். மிட்டோமா இரண்டு கோல். படிக்கும்போதே ஜே-லீக் கிளப்புக்காக ஆட அனுமதிக்கும் சிறப்பு ஏற்பாடு ஒன்றும் உண்டு. அதன் வழியாக 2019-லேயே கவாசாகி சட்டையைப் போட்டுவிட்டார். 2020-ல் முழுநேரமாக வந்தவர் முதல் சீசனிலேயே 13 கோல் அடித்தார், கிளப்பும் சாம்பியன் ஆனது.

இனி செலவு. நான்கு வருடச் சம்பளம் போகிறது. பழைய 46 லட்சம் வரம்பில் அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. வரம்பு 1 கோடி 20 லட்சமாக உயர்ந்த பிறகு, நல்ல விலை போகக்கூடிய பையன் பல்கலைக்கழகம் போவதன் விலையும் கூடிவிட்டது. அதைவிடப் பெரிய செலவு வயது. 22-ல் தொடங்குபவருக்கு ஒரு முழங்கால் காயம், பிடிக்காத ஒரு பயிற்சியாளர் என்று இரண்டு வருடம் போனால் 24. திருப்பி விற்று லாபம் பார்க்கும் ஐரோப்பிய கிளப்புகளின் பட்டியலிலிருந்து பெயர் நழுவத் தொடங்கும் வயது. மிட்டோமா பிரீமியர் லீகில் முதல் முறை இறங்கியபோது 25.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது: கல்லூரிக்குப் போனால் நிமிடங்கள் நிச்சயம் என்பது. பெரிய பல்கலைக்கழகக் கால்பந்து மன்றங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருப்பார்கள், நான்கைந்து அணிகளாகப் பிரித்திருப்பார்கள். மூன்றாவது அணியில் மாட்டிக்கொண்டால் ஜே-லீக் பெஞ்சும் அதுவும் ஒன்றுதான், சம்பளம் மட்டும் கிடையாது.

இது யாருக்கு? தாமதமாக வளரும் உடம்பு உள்ளவர்களுக்கு. கிளப்பில் தன் இடத்தில் தேசிய அணி ஆட்டக்காரர் இருவர் நிற்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு. பதினைந்தில் கழித்துக்கட்டப்பட்டவர்களுக்கும் இதையே சொல்வேன். ஷுன்சுகே நகமுராவை யோகோஹாமாவின் மரினோஸ் கிளப் இளையோர் அணிக்கு எடுக்கவில்லை; கெய்சுகே ஹோண்டாவையும் தைச்சி கமாடாவையும் காம்பா ஒசாகா அடுத்த படிக்கு ஏற்றவில்லை. மூன்று பேருமே பள்ளி அணி வழியாகச் சுற்றிக்கொண்டு தேசிய அணிவரை வந்தவர்கள். அகாடமியின் கதவு மூடியதும் ஆட்டம் முடிந்துவிடாத ஒரு நாடு ஜப்பான். பல்கலைக்கழகம் அந்த இரண்டாம் வாய்ப்பின் நீட்சி.

## கதவு 3: பதினெட்டில் நேராக ஐரோப்பா

கனவுக்கு மிக அருகில் இருக்கும் கதவு. என் கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்குவதும் இதுதான்.

பதினெட்டுக்கு முன் நாடு விட்டு நாடு மாற ஃபிஃபா விதி இடம் கொடுக்காது. தகேஃபுசா குபோ இதைச் சின்ன வயதிலேயே பட்டுத் தெரிந்துகொண்டார். பத்து வயதில் பார்சிலோனா அகாடமிக்குப் போனார். சிறுவர்களைச் சேர்த்த விதத்துக்காக பார்சிலோனாவுக்குத் தண்டனை விழ, ஆட முடியாமல் 2015-ல் ஜப்பானுக்குத் திரும்பினார். எஃப்சி டோக்கியோவில் வளர்ந்து, 18 நிறைந்த அதே மாதம், 2019 ஜூனில், ரியல் மாட்ரிட் போனார். அங்கே முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. ஸ்பானிய கிளப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து மூன்றே பேர். அந்த இடங்களில் பிரேசில்காரர்கள் இருந்தார்கள். மயோர்கா, வியாரியல், கெடாஃபே, மறுபடி மயோர்கா என்று லோனில், அதாவது தற்காலிக இரவலாக, சுற்றினார். 2022-ல் ரியல் சோசியேடாட் அவரை வாங்கிய பிறகுதான் ஒரு வீடு என்று ஒன்று கிடைத்தது. முதல் சீசனிலேயே 9 லீக் கோல், அணிக்குச் சாம்பியன்ஸ் லீக் இடம். குபோ அளவுக்குத் திறமையும் ஸ்பானிய மொழியும் கையில் இருந்தவருக்கே மூன்று வருடம் போயிற்று என்பதைக் கவனியுங்கள்.

ரியோ மியாய்ச்சியின் கதை இன்னும் கனமானது. ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரர், மின்னல் வேகம். நகோயாவில் உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போதே, ஜே-லீகில் ஒரு ஆட்டமும் ஆடாமல், 2011-ல் ஆர்சனல் போனார். இங்கிலாந்தில் வேலை அனுமதி கிடைக்காததால் உடனே நெதர்லாந்தின் ஃபெயனோர்டுக்கு லோன். அங்கே சில மாதங்கள் ரசிகர்களைப் பைத்தியமாக்கினார். அப்புறம் போல்டன், விகன், ட்வென்டே, இடையிடையே காயம். ஆர்சனலுக்காக ஆடியவை விரல்விட்டு எண்ணும் அளவு. ஜெர்மனியின் செயின்ட் பௌலிக்குப் போனபின் இரண்டு முழங்கால்களும் அடுத்தடுத்து போயின. 2021-ல் யோகோஹாமா எஃப் மரினோஸ் அவரை ஊருக்குக் கூட்டிவந்தது. 2022-ல் பத்து வருடத்துக்குப் பிறகு தேசிய அணியில் இடம். அந்தத் தொடரிலேயே மறுபடி முழங்கால். 2023-ல் திரும்பவும் களத்துக்கு வந்தார். இந்த ஒரு வரியை எழுதும்போது எனக்கு எப்போதும் கை நின்றுவிடும். காயத்துக்குப் பாதையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே அணியில் ஒரே மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் இல்லாமல் லோனில் அலையும் பையனின் உடம்பை யார் முழுசாகத் தெரிந்துவைத்திருப்பார்கள்?

இது யாருக்கு? முதல் அணிப் பயிற்சியாளரே பேசி, இந்த இடத்தில் உன்னை ஆட வைப்பேன் என்று சொன்னவருக்கு. அதுவும் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாத நாடாக இருந்தால். ஏஜென்ட் சொன்னார், விளையாட்டு இயக்குநர் புகழ்ந்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேராக ஜே-லீக் | பல்கலைக்கழகம் | நேராக ஐரோப்பா |
|---|---|---|---|
| 18–21 வயதில் நிமிடங்கள் | கிளப்பைப் பொறுத்தது. சின்ன கிளப், இரண்டாம் டிவிஷன் என்றால் நிறைய | முதல் அணியில் இருந்தால் நிறைய | பெரும்பாலும் லோனில், துண்டு துண்டாக |
| உடம்பு வளர அவகாசம் | குறைவு | அதிகம் | மிகக் குறைவு |
| பணம் | 2026 முதல் நன்றாக உயர்ந்துள்ளது | இல்லை | அதிகம், ஆனால் நிலையில்லை |
| காகிதச் சிக்கல் | இல்லை | இல்லை | நாட்டுக்கு நாடு மாறும் |
| திரும்பும் வழி | கீழ் டிவிஷன்கள் உண்டு, பட்டம் இல்லை | பட்டம் உண்டு, வயது கூடியிருக்கும் | ஜே-லீக் வரவேற்கும், அடையாளம் புதிதாக உருவாக்க வேண்டும் |
| மறைசெலவு | இடைவயதுப் பள்ளம் | 22-ல் தொடக்கம் | ஊர் ஊராக அலைச்சல் |

## இருபத்தொன்றில் மறுபடி ஒரு சந்தி

முதல் இரண்டு கதவில் எதில் நுழைந்தாலும், நன்றாக ஆடினால் இரண்டு மூன்று வருடத்தில் ஐரோப்பிய அழைப்பு வரும். அப்போது இன்னொரு குழப்பம்: சின்ன ஊரா, பெரிய பெயரா, இங்கேயே இருப்பதா?

சின்ன ஊர். பெல்ஜியத்தின் சின்ட்-ட்ருய்டன் கிளப்பை 2017-ல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று வாங்கியது. பயிற்சி முடிந்து ஜப்பானிய மொழியில் பேச ஆள் இருக்கும் ஓர் ஐரோப்பிய கிளப் என்றால் இருபது வயதுப் பையனுக்கு அது சாதாரண விஷயமில்லை. 2018 உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடாமல் பெஞ்சில் இருந்த வதாரு எண்டோ, அது முடிந்ததும் அங்கே போனார். ஒரு வருடத்தில் ஷ்டுட்கார்ட், பின்பு அந்த அணியின் தலைவர். 2022 மே மாதம் கொலோன் அணிக்கு எதிராகக் கடைசி நொடிகளில் தலையால் அடித்த கோல் கிளப்பைக் கீழ் டிவிஷனுக்கு விழாமல் காப்பாற்றியது. 2023-ல், 30 வயதில், லிவர்பூல். இருபத்திரண்டே தாமதம் என்று பயமுறுத்துபவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கமாடாவும் ஃபிராங்க்ஃபர்ட் பெஞ்சிலிருந்து ஒரு வருடம் சின்ட்-ட்ருய்டன் போய் ஆடித் திரும்பி, 2022-ல் ஐரோப்பா லீக் கோப்பையைத் தூக்கினார். தனாகா 2021-ல் ஜெர்மன் இரண்டாம் டிவிஷனின் டுசெல்டார்ஃபுக்குப் போனார். ஸ்பெயினுக்கு எதிரான அந்தக் கோலை அடித்தபோது அவர் இரண்டாம் டிவிஷன் ஆட்டக்காரர். அதற்குப் பிறகும் அங்கேயே ஒன்றரை சீசன் இருந்தார். 2024-ல் இங்கிலாந்தின் லீட்ஸ், அடுத்த ஏப்ரல் மாதத்தில் அந்த அணியோடு பிரீமியர் லீகுக்கு ஏற்றம்.

இதில் நாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெர்மனியில் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. நெதர்லாந்திலோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு, வயது 20 கடந்திருந்தால், லீகின் சராசரிச் சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்தாக வேண்டும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அத்தனை கொடுத்து வாங்கியவன் முதல் மாதமே ஆட்டத்தைக் காட்ட வேண்டும் என்று கிளப் எதிர்பார்க்கும். ஹோண்டா 2008-ல் நெதர்லாந்தின் வென்லோவுக்குப் போன சில மாதத்தில் அணி கீழே விழுந்தது. ஓடிவிடாமல் இரண்டாம் டிவிஷனில் தலைவர் பட்டையைக் கட்டிக்கொண்டு அணியைத் திரும்ப மேலே கொண்டுவந்தார். அங்கிருந்து மாஸ்கோ, பிறகு மிலானில் பத்தாம் எண் சட்டை.

பெரிய பெயர். ஜுனிச்சி இனமோட்டோ 2001-ல் ஆர்சனல் போனார், லீகில் ஒரு ஆட்டமும் இல்லை. 2002 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கும் ரஷ்யாவுக்கும் எதிராகக் கோல் அடித்தவர் அதே ஆள்தான். ஃபுல்ஹாம் போனதும் கோடையிலேயே ஹாட்ரிக் அடித்தார். திறமை குறைந்ததால் பெஞ்சில் இருக்கவில்லை என்று தெரிகிறது. யோசுகே இதேகுச்சிக்கு நடந்தது அதைவிடக் கொடுமை. 2017 ஆகஸ்ட் 31 அன்று சைத்தாமாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் அடித்த இரண்டாவது கோல் ஜப்பானை ரஷ்ய உலகக் கோப்பைக்கு அனுப்பியது. 2018 ஜனவரியில் லீட்ஸ் வாங்கி, உடனே ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனுக்கு லோனில் அனுப்பியது. அங்கே ஆட்டம் கிடைக்கவில்லை. உலகக் கோப்பைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது நிமிடங்களை இழந்தார். கடைசி 23 பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அணியை அனுப்பிவைத்தவர் வீட்டில் இருந்தார்.

மிட்டோமாவையும் பிரைட்டன் வாங்கியதும் லோனில்தான் அனுப்பியது, வேலை அனுமதிப் புள்ளிகள் போதவில்லை என்பதால். வித்தியாசம் என்னவென்றால் போன இடம் பெல்ஜியத்தின் யூனியன், அங்கே இடம் காத்திருந்தது. செராங்குக்கு எதிராக 0-2 பின்தங்கி, ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய நிலையில், பாதி நேரத்தில் இறங்கி மூன்று கோல் அடித்து 4-2 என்று ஜெயிக்க வைத்தார். லோன் என்ற சொல்லில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எந்த வாசலுக்கு என்பதுதான்.

இங்கேயே இருப்பது. யசுஹிதோ எண்டோ 152 முறை தேசிய அணிக்காக ஆடியவர், ஜப்பானில் அதுவே அதிகம். ஒருநாளும் ஐரோப்பிய கிளப்பில் ஆடியதில்லை. காம்பா ஒசாகாவில் இருபது வருடம். பெனால்டி எடுக்கும்போது கோல்காவலரையே பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்து, அவர் அசைந்ததும் எதிர்ப்பக்கம் பந்தை உருட்டிவிடுவார். கோலிக்குண்டு உருள்வதுபோல் போய் வலையில் சேரும். 2008 கிளப் உலகக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிராகவும் ஒரு பெனால்டியைப் போட்டார். போயிருந்தால் இன்னும் பெரிய ஆளாகியிருப்பாரா? இருக்கலாம். ஆனால் 2014-ல் 34 வயதில் காம்பாவோடு மூன்று உள்நாட்டுக் கோப்பைகளையும் வென்று, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கிய மனிதரைப் பார்த்துப் பரிதாபப்பட எனக்கு மனம் வரவில்லை.

## நான் என்ன சொல்வேன்

தடுத்து ஆடி, பந்தைப் பிரித்துக் கொடுக்கும் நடுக்கள ஆட்டக்காரன், உடம்பும் இருக்கிறது என்றால்: சின்ன ஜே-லீக் கிளப், மூன்று வருடம், பிறகு பெல்ஜியம் அல்லது ஜெர்மனி. ஒல்லியாக, கால் நுட்பத்தை நம்பி ஓரத்தில் ஆடுபவன்: பெரிய கிளப்பின் அழைப்பு இருந்தாலும் பல்கலைக்கழகத்தை யோசி, முதல் அணியில் இடம் கிடைக்கும் பல்கலைக்கழகமாகப் பார். பதினெட்டில் ஐரோப்பா கூப்பிட்டால், லோன் எங்கே என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வராதவரை பெட்டியைக் கட்டாதே.

ஜனவரியில் கிளம்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 வரை ஜே-லீக் பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. அதனால் ஹோண்டா, இதேகுச்சி, ஹதாத்தே எல்லோரும் ஒரு முழு சீசன் ஆடிய களைப்போடு, ஓய்வில்லாமல், ஐரோப்பாவின் சீசன் நடுவில் போய் இறங்கினார்கள். அங்கே அணி அமைந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும், தரை உறைந்திருக்கும். 2026 ஆகஸ்ட் முதல் ஜே-லீகும் ஐரோப்பாவைப் போலவே கோடை முடிவில் தொடங்குகிறது. இனி ஜூலையில் போகிறவன் எல்லோரோடும் ஒரே நாளில் முதல் பயிற்சிக்கு வந்து நிற்கலாம்.